வியாழன் ஒன்பது நாற்பது

எங்கள் முதியோர் இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்வதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்ப எனக்குப் பொறுமை இல்லை. மேற்கு சிட்னியில், ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இடம். நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தலை. ஒவ்வொரு தலைக்கும் வாரத்தில் ஒரு கிழமை, ஒரு நேரம், பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். லெசியெலியின் தலைக்கு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பது.

என் பெயர் ஃபுசி. பதினோரு வருடமாக அங்கே சலவை அறையில் வேலை பார்க்கிறேன். உடம்பு துவட்டுகிற துண்டு வெள்ளை, தலை துவட்டுகிறது நீலம். எந்த அறையிலிருந்து எந்தக் கிழமை நீலத் துண்டு வருகிறது என்பதை வைத்தே யார் தலையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். மேலே நடப்பதெல்லாம் கடைசியில் கீழே என்னிடம்தான் வந்து சேரும்.

லெசியெலி எங்கள் ஊர்க்காரி. டோங்காவில் ஹாப்பாய் தீவு. ஐம்பத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கூந்தல் மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் நுனி இருக்கையைத் தொடும். புருஷன் மோசெசே தினமும் பத்து மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வந்து அதைச் சீவிப் பின்னிவிடுவார்.

மோசெசே இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் மாட்டுத் தொடை தூக்கியவர். கதவில் நின்றால் வெளிச்சம் வராது. ஆனால் கழுத்தில் பெயர் அட்டை தொங்குகிற யார் எதிரில் நின்றாலும் அவர் வாயிலிருந்து "ஆமாங்க" என்பதைத் தவிர வேறொன்றும் வராது. எங்கள் தீவுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான் இது. பதவியில் இருப்பவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு வளர்ப்பு இடம் கொடுக்காது. மோசெசேக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது.

கதை கஸ்டர்டில் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை மதியம், பக்கத்து நாற்காலிக் கிழவி பெரில், லெசியெலியைத் தன் செத்துப்போன நாத்தனார் என்று நினைத்து, கிண்ணத்தோடு கஸ்டர்டைத் தலையில் கவிழ்த்துவிட்டாள். மோசெசே தாதியர் மேசைக்குப் போனார்.

"தலையில கஸ்டர்ட் கொட்டிடுச்சுங்க. கொஞ்சம் தண்ணி விட்டு அலசினா போதும்."

"வியாழக்கிழமை இருக்குல்ல?" என்றாள் மேசைக்காரப் பெண்.

"இன்னிக்கு திங்கள்ங்க."

"அதான் நானும் சொல்றேன். வியாழக்கிழமை இருக்கு."

அவர் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்து, ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார். கஸ்டர்ட் இன்னும் உள்ளே போனது. நானே அலசிவிடட்டுமா என்று மறுபடி போய்க் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், அதற்கு முன்னால் பயிற்சி முடிக்க வேண்டும் என்றார்கள். கணினியில் நான்கு மணி நேரம். பாடத்தின் பெயர் 'நீரும் நாமும்: ஓர் அறிமுகம்'. சாப்பாட்டு மேசையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். ஒருவருடைய தலை ஈரமாக இருக்கிறது, முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. துவட்டுவேன் என்று எழுதினார். தவறு. சரியான விடை, மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன் என்பது. முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை தேறினார். அவருக்குக் கொடுத்த சான்றிதழ்ப்படி, தலை கழுவும்போது அவர் பக்கத்தில் நிற்கலாம்.

செவ்வாய்க்கிழமை எறும்பு வந்தது. எறும்புக்கு வேறு படிவம். அதை நிரப்பிய இருபதாவது நிமிடம் முகமூடி போட்ட ஒரு ஆள் பையோடு வந்து, தலையணை, கட்டில் கால், ஜன்னல் ஓரம் எல்லாம் பார்த்து எறும்பை ஒழித்துவிட்டுப் போனான். கஸ்டர்டை அவன் தொடவில்லை. அது அவன் துறை இல்லையாம்.

வியாழன் ஒன்பது நாற்பதுக்குத் தண்ணீர் விட்டார்கள். அவ்வளவு முடியைப் பன்னிரண்டு நிமிடத்தில் சோப்புப் போட்டு அலசி எடுக்க மனிதரால் ஆகாது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நுரையோடு நிறுத்தித் துண்டைச் சுற்றிவிட்டார்கள், அடுத்த அறைத் தலை காத்திருந்தது. கீழே வந்த நீலத் துண்டைப் பிழிந்தால் வழவழவென்று நுரை வந்தது. மறுநாள் மோசெசே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு நீலத் துண்டு குடேன். தலை அரிக்குதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கலையாம்."

"கணக்குல வரும்ண்ணே."

"துண்டைக் கூடவா கணக்கு பாப்பாங்க?"

"துண்டை மட்டும்தான் பாப்பாங்க."

இருந்தாலும் கொடுத்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குவளையால் மொண்டு மொண்டு ஒரு மணி நேரம் அலசினார். அன்று மத்தியானம் லெசியெலி வாய் திறந்து தூங்கியதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கணக்கில் இரண்டு நீலத் துண்டு அதிகம் என்று தெரிந்து, திங்கட்கிழமை நிர்வாகி லீயான் கார்மொடி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

லீயான் கெட்டவள் இல்லை. பிறந்தநாள் எல்லாம் நினைவு வைத்துக்கொண்டு வாழ்த்துவாள், அதற்கும் அட்டவணை உண்டு. மோசெசே என்ற பெயர் மட்டும் அங்கே யார் வாயிலும் மோசஸ்தான்.

"மோசஸ், நீங்க அன்பா செஞ்சீங்க, எனக்குப் புரியுது. ஆனா தேவைன்னு ஒண்ணை நாம ஒத்துக்கிட்டோம்னு வெச்சுக்கோங்க. இன்னிக்கு இவங்களுக்குத் தேவை, நாளைக்கு பக்கத்து அறைக்குத் தேவை. நூத்திருபது பேருக்கும் தேவை வந்துட்டா என்ன ஆகும்? தேவையைப் பாத்துச் செய்ய ஆரம்பிச்சா எவ்வளவு செய்யலைங்கிறது தெரிஞ்சு போயிடும். அட்டவணை இருந்தா எல்லாம் செஞ்சாச்சுன்னு தெரியும். அது எல்லாருக்கும் நிம்மதி இல்லையா?"

"ஆமாங்க," என்றார் மோசெசே.

எனக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்தது. 'அங்கீகரிக்கப்படாத சுத்தத்துக்கு உடந்தை' என்று அதில் இருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

இது நடந்து மூன்று வாரம் கழித்து ஹாப்பாயில் லெசியெலியின் அத்தை செத்துப்போனாள். அப்பாவின் அக்கா. தொண்ணூற்று நான்கு வயது. எங்களில் அத்தை என்றால் சாதாரண உறவு இல்லை. அப்பாவே அவள் எதிரில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அத்தை செத்தால் தம்பி பெண்கள் எல்லோரும் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்கட்டில் அடுப்பு வேலை செய்ய வேண்டும். கூந்தலை அவிழ்த்துவிட்டு, சீப்பு படாமல், எண்ணெய் படாமல், தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பத்தாம் நாள் அத்தையின் மகள் வந்து தன் கையால் அதை வெட்டுவாள். அவள் வெட்டினால்தான் துக்கம் தீர்ந்தது என்று அர்த்தம். அதுவரை அந்த முடி நம்முடையது இல்லை, அத்தையுடையது.

புதன்கிழமை அடக்கம். மோசெசேயின் கைபேசியில் லெசியெலி அதைப் பார்த்தாள். நானும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். முடிந்ததும் அவள் இடது கையால் பின்னலைப் பிடித்து இழுத்தாள். அவிழ்த்துவிடச் சொல்கிறாள் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அடுப்பு... ஊத முடியாது," என்றாள். "பாய் கட்டிக்கிட்டு... நிக்க முடியாது. இது... ஒண்ணுதான்... இருக்கு என்கிட்ட."

மோசெசே அவிழ்த்துவிட்டார். பத்து நாளைக்கு இந்தத் தலையை யாரும் தொடக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும். அதைக் கேட்க நேராக லீயான் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், ஏற்கனவே எச்சரிக்கை வாங்கியவள்தானே. அங்கே பிராட்லி என்று ஒருவரும் இருந்தார். பன்முகப் பண்பாட்டு இணக்க அலுவலர். சட்டையில் எல்லா நாட்டுக் கொடியும் சின்னச் சின்னதாகக் குத்தியிருப்பார். எங்கள் கொடி என்று நினைத்து சுவிட்சர்லாந்துக் கொடியைக் குத்தியிருந்தார். நிறம் அதேதான் என்பதால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க இழப்புக்கு எங்க இல்லத்தோட சார்பா வருந்துறோம்," என்றார் பிராட்லி. "உங்க பண்பாட்டை நாங்க தலை மேல வெச்சுக் கொண்டாடுறோம். ஆனா பண்பாட்டு வேண்டுகோள் படிவத்தைப் பதினாலு நாள் முன்னாடியே கொடுத்திருக்கணுமே."

"எதுக்கு முன்னாடிங்க?"

"நிகழ்வுக்கு. அதாவது இறப்புக்கு."

மோசெசே யோசித்துப் பார்த்தார். "சாகப் போறேன்னு அத்தை முன்கூட்டியே சொல்லலைங்க," என்றார்.

பிராட்லி அதைக் குறித்துக்கொண்டார். "அக்டோபர்ல பசிபிக் வாரம் வருது. துக்கத்தை அப்ப வெச்சுக்கலாமே? தோரணம் எல்லாம் கட்டுவோம். சமையலறையில அன்னாசிப் பழம்கூட வாங்குறாங்க."

"அத்தை இப்பதான் செத்தாங்க."

"பரவாயில்ல, நாங்க காத்திருக்கத் தயார்," என்றார் பிராட்லி.

மறுநாள் வியாழன். ஒன்பது நாற்பதுக்கு இரண்டு பெண்கள் குழாயோடு வந்தார்கள். லெசியெலி இடது கையால் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டு "வேண்டாம்" என்றாள். "லெஸ்லி செல்லம், தண்ணி சூடாத்தான் இருக்கு" என்று அவள் பெயரைச் சுருக்கிக் கொஞ்சினார்கள். வேண்டாம் என்றாள். பன்னிரண்டு நிமிடமும் அப்படியே ஓடியது. அன்று அவள் அறையிலிருந்து வந்த நீலத் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதைத் துவைக்காமலே அலமாரியில் வைத்தேன். பதிவேட்டில், நடத்தைக் கோளாறு, தண்ணீர் மீது பகை, கண்காணிக்கவும் என்று எழுதினார்கள். ஒரு மாதம் முன்னால் இதே தலை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது பதிவேட்டில் இல்லை, அப்போது அதற்குப் படிவம் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். நானும் போனேன், மோசெசே தனியாகப் போனால் என்னவாகும் என்று தெரிந்தவள். அந்த வெள்ளிக்கிழமை அரசாங்க ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்றாள் லீயான். சீவாத தலை ஒன்று அவர்கள் கண்ணில் பட்டால் போதும், இல்லத்தில் கவனிப்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

"சனிக்கிழமை முடிஞ்சிடுங்க," என்றார் மோசெசே. "அன்னிக்குப் பத்தாம் நாள். முடியை வெட்டிடுவாங்க."

பிராட்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெட்டுவாங்களா? முடியையா?"

"ஆமாங்க."

"அது உங்க பண்பாடா?"

"ஆமாங்க."

"லீயான்! இது நம்ம கையிலேயே இருக்கே!"

"சனிக்கிழமை முடிப் பிரிவு கிடையாது," என்றாள் லீயான். "வியாழக்கிழமை உண்டு. ஒன்பது நாற்பது அவங்க நேரம்தான். பத்தாம் நாளுக்குப் பதிலா எட்டாம் நாள். ரெண்டு நாள்தானே வித்தியாசம்?"

"அத்தை மக வரணுங்க. ஹாப்பாயிலேர்ந்து கிளம்பி வர்றாங்க. அவங்க கையாலதான்..."

"அவங்ககிட்ட காவல்துறைச் சான்று இருக்கா?"

"அவங்க அத்தை மகங்க."

"கூர்மையான பொருளைக் கையாளுற பயிற்சி?"

"இல்லைங்க."

"இங்க முடி வெட்டுற டாரன்கிட்ட ரெண்டும் இருக்கு. பதினேழு வருஷ அனுபவம். ரொம்ப மரியாதையா வெட்டுவார்," என்றார் பிராட்லி. "உங்க மரபை நாங்களே உங்களுக்குச் செஞ்சு தர்றோம். சரிதானே மோசஸ்?"

நான் அவர் முழங்கையை இடித்தேன். அவர் லீயானைப் பார்த்தார், பிராட்லியைப் பார்த்தார், இரண்டு பெயர் அட்டைகளையும் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார்.

வெளியே வந்ததும் நடைபாதையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா முடியாதுங்கிறது? பெரியவங்க உக்காந்து பேசுறாங்க. ஆமான்னு சொன்னேன். செய்ய வேணாம்னு அவங்களுக்கே தெரியும்."

"தெரியாதுண்ணே. இவங்களுக்குத் தெரியாது."

எங்கள் ஊரில் ஆமாம் என்றால் உங்களை மதிக்கிறேன் என்று பொருள். சொன்ன காரியம் நடக்குமா என்பதை அடுத்த நாள் ஒரு மச்சானை அனுப்பிப் பக்குவமாகப் பேசிக்கொள்வோம். இரண்டு பக்கமும் அது தெரியும். முப்பத்தைந்து வருடம் சிட்னியில் இருந்தும் மோசெசேக்கு இந்த ஊர் ஆமாம் கையெழுத்துக்குச் சமம் என்று உறைக்கவில்லை. மச்சானுக்குப் பதில் ஒரு கடிதம் எழுதினார். என் மனைவியின் முடியைத் தயவுசெய்து வெட்ட வேண்டாம், அது அவளுடையது இல்லை என்று நல்ல எழுத்தில் எழுதி, மேசைக்காரப் பெண் காட்டிய கருத்துப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை போட்டார். அந்தப் பெட்டியை மாதத்தின் முதல் திங்கட்கிழமை திறப்பார்கள்.

வியாழக்கிழமை காலை நான் கீழேதான் இருந்தேன். ஒன்பது நாற்பது ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மாடிக்கு ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றிருக்கலாம். இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை போகும். போகவில்லை. வெள்ளைத் துண்டுகளை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நீலத் துண்டு வந்தது. அதில் ஒட்டியிருந்தது கறுப்பும் வெள்ளையுமாக, பொடிப்பொடியாக. மேலே ஓடினேன்.

"முடி எங்க டாரன்?"

"மஞ்சள் பையில. மருத்துவக் கழிவு. சீல் வெச்சாச்சு," என்றார் டாரன். நல்ல மனிதர், கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழுதாங்கம்மா. நிறுத்தட்டுமான்னு கேட்டேன். அழுறது அவங்க பண்பாடுன்னு பிராட்லி சொன்னார்."

பிராட்லி புகைப்படம் எடுத்திருந்தார். செய்திமடலில் வந்தது. ஒட்ட வெட்டிய தலையோடு லெசியெலி, கண்ணில் தண்ணீர், தோளில் யாரோ போட்ட பிளாஸ்டிக் பூமாலை. 'லெஸ்லி தன் மரபைக் கொண்டாடுகிறார்' என்று கீழே எழுதியிருந்தது. வெட்டிய அன்று மோசெசே பத்து மணிக்குச் சீப்போடு உள்ளே வந்தார். பழக்க தோஷத்தில் எடுத்து வந்துவிட்டார். பிறகு அந்தச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று முழுக்கக் கையிலேயே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர்கள் வந்தார்கள். முடி தொடர்பான அபாயம் இல்லை என்று எழுதினார்கள். இல்லத்துக்கு அந்தப் பிரிவில் ஐந்துக்கு ஐந்து.

சனிக்கிழமை அத்தை மகள் அலிசி வந்தாள். கறுப்பு உடை, இடுப்பில் நைசான பாய், இரண்டு விமானம் மாறி வந்த களைப்பு. வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தரிக்கோலை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு எண் சீட்டு கொடுத்தார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் வந்தாள். மோசெசே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். லெசியெலி தலையைக் குனிந்துகொண்டாள். அலிசி கையை நீட்டினாள். பிடிக்க ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது.

"யாரு வெட்டினது?"

"டாரன்னு ஒருத்தர்," என்றார் மோசெசே, சுவரைப் பார்த்தபடி.

"நம்ம ஆளா?"

"இல்ல. சான்று வெச்சிருக்கார்."

அலிசி கட்டிலில் உட்கார்ந்தாள். அவளும் தாயைப் புதைத்துவிட்டு வந்தவள்.

"உங்கம்மாவுக்குன்னு... வெச்சிருந்தேன்," என்றாள் லெசியெலி, குனிந்த தலை குனிந்தபடியே. "நீ... வெட்டு."

"எதைடி வெட்டச் சொல்ற?" என்றாள் அலிசி. "நான் வெட்டாம உன் துக்கம் தீராதே. வளரட்டும். பிடிக்கிற அளவுக்கு வளந்ததும் சொல்லு, மறுபடி வர்றேன். அதுவரைக்கும் நீ துக்கத்துலதான் இருக்கணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

போகும்போது சீட்டைக் கொடுத்துக் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். வருகையில் திருப்தியா என்று, முகம் வரைந்த பொத்தான்களில் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். எந்த முகம் எதற்கு என்று தெரியாமல் சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் லெசியெலியின் பராமரிப்புத் திட்டத்தில் பிராட்லி ஒரு வரி சேர்த்தார். 'பண்பாட்டு முடிவெட்டு: ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மறு அறிவிப்பு வரை.' அவருக்கு அதில் பெருமை. பசிபிக் தலை ஒன்றுக்குத் தனி அட்டவணை போட்ட முதல் இல்லம் எங்களுடையதாம். அதை நீக்கச் சொல்லி மோசெசே படிவம் வாங்கினார். இறப்பு நிகழப் போகும் தேதி என்று முதல் கட்டத்தில் கேட்டிருந்தது. அதை நிரப்பத் தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

கருத்துப் பெட்டியை முதல் திங்கட்கிழமை திறந்தார்கள். அவர் கடிதத்துக்கு, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது.

இப்போதும் வியாழன் ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தலைக்குப் பன்னிரண்டு நிமிடம் தண்ணீர் விடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, மீதிப் பத்து நிமிடம் அவள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறாள், நேரம் முடியாமல் எழுப்பக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருகிற நீலத் துண்டில் அரை விரல் நீள முடி ஒட்டியிருக்கும். உதறிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுவேன், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஹாப்பாயிலிருந்து அலிசி கூப்பிடுகிறாள். மோசெசே எழுந்து நின்றுதான் கைபேசியைக் காதில் வைப்பார், அத்தை மகள் இல்லையா.

"வளருதா?" என்று கேட்பாள்.

"ஆமாங்க," என்பார்.